ராசுவின் மீனுக்கு ஒரு நத்தை

ஓமந்தையில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவுக்காரி ஞானேஸ்வரி. அப்படியொரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. காற்றுக்குக் கதவு அடித்தாலும் நெஞ்சில் கை வைப்பாள். முன்பெல்லாம் நான் அதைச் சொல்லிச் சிரிப்பேன். அவள் புருசன் ராசுவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கிய பிறகு சிரிப்பு வரவில்லை.

ராசுவிடம் ஒரு ஃபைட்டர் மீன் இருந்தது. கர்வம் பிடித்த சாமான். இன்னொரு மீனைத் தொட்டிக்குள் விட்டால் கிழித்துப்போடும். இந்த முறை காய்ச்சலும் சேர்ந்து ராசுவை வார்டிலேயே மறித்து வைத்துவிட்டார்கள். போகும்போது மனுசன் அவளிடம் கேட்டது ஒன்றுதான். மீன் தனியே கிடந்து ஏங்கிப்போகும், அதற்கு ஒரு நத்தை வாங்கி விடு, நான் வரும்வரை இரண்டையும் பார்த்துக்கொள்.

இதுகள் செத்தால் அவரும் திரும்பி வரமாட்டார் என்று இவளாகவே முடிச்சுப் போட்டுவிட்டாள். விசர்க்கதை கதையாதே என்று ஏசினேன். கேட்டால்தானே.

நத்தை வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். வாய்க்காலில் சும்மா கிடக்கிறதே என்றேன். வயலுக்கு அடித்த மருந்து அதில் ஊறியிருக்கும் என்றாள். அது நியாயம்தான். வளர்ப்பு மீன் கடைக்காரர் ஷாமில், வரிபோட்ட சின்ன நத்தைகளைக் காட்டினார். மீன் தின்றுவிடுமோ என்று அதற்கும் பயம். கடைசியில் மீனின் வாய்க்குள் அடங்காத, சின்னத் தேசிக்காய் அளவில் ஒரு மஞ்சள் நத்தையை எடுத்தாள்.

வந்த அன்றே மீன் அதன் கொம்பைக் கொத்தியது. நத்தை ஓட்டுக்குள் போய் மூடிக்கொண்டது. இவள் சமைக்கக் குசினிப் பக்கமே போகவில்லை, தொட்டியடியிலேயே இருந்தாள். பிறகு மீன் அலுத்துப்போய் அதை விட்டுவிட்டது. அப்பாடா என்று இருக்க, நத்தையின் ஓடு வெளிறி அரிபடத் தொடங்கியது. பேயறைந்த முகத்தோடு என்னிடம் ஓடி வந்தாள்.

ஃபோனில் படமெடுத்துப் போய் ஷாமிலிடம் காட்டினோம். என்ன தண்ணி விடுறீங்கள் என்று கேட்டார். வாங்குகிற ஃபில்டர் தண்ணீர் என்றாள், பெருமையாக. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் கேத்தலில் வெள்ளையாகப் படியும். ராசுவுக்குச் சிறுநீரக வருத்தம் வந்ததிலிருந்து அந்த வீட்டில் அதை யாரும் வாயில் வைப்பதில்லை. மீனும் நத்தையும் மட்டும் விலக்கா?

"அந்தத் தண்ணியில ஓடு வளர ஒண்டும் இல்லை, அக்கா," என்றார் ஷாமில். "கிணத்துத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ."

வீட்டுக்கு வந்து ஒரு வாளி அள்ளினாள். அள்ளியவள் கிணற்றடியிலேயே நின்றாள். கொண்டுபோய் ஊற்றன், என்ன பார்க்கிறாய் என்று கத்தினேன்.

"அவருக்கும் நான்தானே அக்கா இதை அள்ளிக் குடுத்தனான்," என்றாள்.

தண்ணீரால்தான் வந்தது என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை.  எனக்கு அழுகை வந்தது. வாளியைப் பறித்துக்கொண்டு போய் நானே தொட்டிக்குள் கொஞ்சம் ஊற்றினேன். நத்தை அசையாமல் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ராசுவின் ஃபோன் கோல் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். மீன் எப்படி, நத்தை எப்படி என்று கேட்டார். இருக்குதுகள் என்றாள். 

"இஞ்ச அளந்துதான் குடிக்க விடுகினம், ஞானம்," என்றார். "நாக்கு வறண்டு கிடக்கு. எங்கட கிணத்துத் தண்ணி ஒரு வாய் குடிச்சாப் போதும் எண்டு கிடக்கு."

அவள் என்னைப் பார்த்தாள்.

"வாங்கோ," என்றாள். "நீங்கள் வாங்கோ. அள்ளித் தாறன்."