பதில் கேட்டு வாங்கிய மாதத் தாள்

மாதத் தாள் நடத்துகிற தொழிலில் எழுதுவது சுலபம். வாசித்தவர்களை வாய் திறக்க வைப்பதற்குள்தான் உயிர் போய்விடும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இதையும் முன்பின்னாகச் சொல்லிக் குழப்பிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், என்னைப் போலத் தாள் நடத்தி அவதிப்படுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்து மூன்றாம் வருஷமோ நாலோ, தூத்துக்குடியில் மீனவப் பெண்கள் சங்கத்தில் எனக்கு வேலை. மாதம் ஒரு தாளை ஸ்டென்சிலில் எழுதி, உருட்டி எடுத்து, கீழவைப்பாரிலிருந்து ஆலந்தலை வரை உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். சங்கத் தலைவி டீச்சர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். மூன்று மாதத்துக்குள் பெண்களிடமிருந்து பதில் வராவிட்டால் தாளும் நிற்கும், என் வேலையும் நிற்கும். விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இரண்டு பக்கமும் புத்திமதி

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், நகத்தை வெட்டுங்கள் என்று முதல் மாதத் தாளை நிரப்பினேன். ஒரு கார்டுகூட வரவில்லை. தபால்காரரைக் கண்டாலே வாசலுக்கு ஓடினேன், அவருக்கே சங்கடமாகிவிட்டது. கடைசியில் கருவாடு விற்கும் ரோசம்மாக்காவை வழிமறித்து, தாள் எப்படி என்று கேட்டேன்.

“நல்ல தாளு ஏளா. கருவாடு பொதிய வாகா இருக்கு. அடுத்த மாசம் எனக்கு ரெண்டா அனுப்பு.”

ஆண்கள் வாசிக்க வேண்டாம்

முதல் வரியிலேயே பிடித்து இழுக்க வேண்டும் என்று, ‘ஆண்கள் இதை வாசிக்க வேண்டாம்’ எனப் பெரிதாகத் தலைப்புப் போட்டேன். உள்ளே இருந்தது நண்டு ரசம் வைக்கும் முறைதான். ஏழு கார்டு வந்தது. ஏழும் ஆண்கள் எழுதியது. டீச்சர் ஒன்றைக்கூடக் கணக்கில் சேர்க்கவில்லை. மீன்பிடிக்கிற வள்ளம் வைத்திருந்த சூசை அண்ணன் தாளோடு நேரிலேயே வந்துவிட்டார்.

“இதுல நாங்க வாசிக்கக் கூடாததுன்னு என்னத்த இருக்கு? எங்க வீட்ல நண்டு ரசமே நாந்தான் வைக்கேன்.”

ஏலம் விடுகிற இடத்தில்

பெண்கள் ஏன் எழுதவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. பாதிப் பேருக்கு எழுத வராது. எழுத வந்தவர்களுக்கு, தப்பாகிவிடுமோ என்று என்னைப் போலவே பயம். நோட்டும் பென்சிலுமாக மீன் ஏலம் விடுகிற இடத்துக்கே போனேன். ‘உங்கள் வீட்டில் மறக்க முடியாத மீன்பாடு எது?’ என்று, வலை நிறைந்து வந்த நாளைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, கைநாட்டு வாங்கினேன். பேரைப் போடுவேன் என்றதும் நெருக்கித் தள்ளினார்கள். ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

“எம் பேர மொதல்ல போடு. எங்க நாத்தனா பேருக்குக் கீழ வந்துச்சுன்னா நான் சங்கத்துலயே இல்ல.”

விளமீன் கிடைத்த இடம்

அன்று சொன்னவர்களில் சூசை அண்ணனின் மனைவி அந்தோணியம்மாளும் ஒருத்தி. கூடை கூடையாக விளமீன் கிடைத்த கதை. கடலுக்கடியில் மீன் அடையும் பாறைத் திட்டை ‘பார்’ என்பார்கள். கரையில் எந்தக் கோபுரமும் எந்தப் பனையும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால் அந்தப் பார் வந்துவிடும் என்பதையும் பெருமையாகச் சொன்னாள். நான் பனங்காட்டுப் பக்கமிருந்து வாழ வந்தவள். அந்த அடையாளத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு எங்கே தெரியும்? அப்படியே போட்டுவிட்டேன். தாள் போய்ச் சேர்ந்த மறுநாள் விடியும்போது அந்தப் பார் மேல் பதினான்கு வள்ளம்.

டீச்சர் பதில்களைப் பார்த்து, தாள் தொடரட்டும் என்று சொன்ன அன்றைக்கே சூசை அண்ணன் வந்தார். சத்தம் போடவில்லை. தாளை விரித்து அந்த வரியில் விரலை வைத்தார்.

“எங்க அப்பா சாகும்போது எங் காதுல சொன்ன இடம்மா அது. இப்ப அங்கன நங்கூரம் போட எனக்கே இடமில்ல.”

அவரிடமும் அந்தோணியம்மாளிடமும் மன்னிப்புக் கேட்டேன். அதற்காக வள்ளங்கள் திரும்பிவிடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு பதிலையும் சொன்னவள் வீட்டுக்கே கொண்டுபோய், எல்லார் காதிலும் விழ வாசித்து, அவர்கள் எடுக்கச் சொன்னதை எடுத்த பிறகுதான் ஸ்டென்சிலைத் தொட்டேன். திசை, ஆழம், கோபுரம், பனை எல்லாம் போய் மிச்சமிருந்ததை வாசித்த வெளியூர்க்காரர்கள், தூத்துக்குடியில் மீன் கரையிலேயே விளைகிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.