நாலு ஸ்பீக்கரும் ஒரு பொய்யும்

கணினியில் ஓடுகிற சத்தத்தை வயர் இல்லாமல் வீட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். சேராத நாட்களில் நின்று ஏச்சு வாங்குவதும் அதே தொழில்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருக்கும். நீங்கள் கூப்பிட்டால் வராது. பக்கத்து வீட்டுக்காரர் போனைத் தொட்டவுடன் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் தூக்கி நிலத்தில் அடிக்கவேண்டும் என்று ஒருதரமாவது நினைத்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர். ஆகவே உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். மானிப்பாயில் ரஞ்சன் அண்ணையும் நானும் சேர்ந்து ஒரு கடை நடத்துகிறோம். அவர் வயர்க் கட்சி, நான் வயரில்லாக் கட்சி. ஆறேழு வருடத்தில் எத்தனையோ வீட்டுக்குப் போய்விட்டேன். கொழும்புத்துறையில் ஒரே ஒரு ஒழுங்கையால் மட்டும் இப்போது போவதில்லை. அந்த ஒழுங்கையில் இருக்கும் ஒரு வீட்டு மகளுக்கு நான் பொய் சொன்னேன். அவர் இன்றைக்கும் அதை நம்பிக்கொண்டிருக்கிறார்.

கல்லுச் சுவர்

வீட்டுக்காரர் சபாரத்தினம் ஐயா, தீவுப் பக்கம் லோஞ்ச் படகு ஓட்டியவர். வருடக்கணக்காக எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றதில் காது மந்தம். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தால் கண்ணும் மங்கல். மனைவி காலமாகிவிட்டார். ஒரே பிள்ளை சுமதி அக்கா, நோர்வேயில். அவர்தான் எனக்குப் போன் எடுத்து, ஐயா வீட்டில் எங்கே நின்றாலும் தன் குரல் கேட்கவேண்டும் என்றார். விறாந்தை, சாமி அறை, குசினி, கிணற்றடி என்று நாலு இடத்தில் ஸ்பீக்கர். மேசையில் ஒரு லப்டொப். மகள் அழைத்தால் ஐயா ஒரு பட்டனும் அமத்தத் தேவையில்லை, தானாகவே எடுபடும்.

பழைய கல்வீடு. சுவர் ஒரு முழ அகலம். வைபை சாமி அறைக்குள் எட்டியும் பார்க்கவில்லை. கூரைக்குள்ளால் ஒரு வயர் இழுத்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்றார் ரஞ்சன் அண்ணை. எனக்கு ரோசம். மூன்று நாள் ரவுட்டரை இடம் மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் நடுவில் இன்னொரு பெட்டி பூட்டிச் சரிக்கட்டினேன். வயர் எங்கே என்று சுவரைத் தடவித் தடவித் தேடிய ஐயாவுக்கு நான் பெருமையோடு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க, ஏணியில் நின்ற ரஞ்சன் அண்ணை சொன்னார்: "ஐயா, உவன் வயரைக் கண்டால் பாம்பைக் கண்டமாதிரிப் பாய்வான். உவனுக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை."

கறண்ட் வந்தால் கதைக்கிறவள்

கறண்ட் போய் வரும்போதெல்லாம் அந்த நாலு ஸ்பீக்கரும் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்த்து, ஒரு பெண்குரலில், ஆங்கிலத்தில், தான் ஆயத்தமாக இருப்பதாக அறிவிக்கும். முதலில் விறாந்தையில், பிறகு குசினியில், பிறகு சாமி அறையில், கடைசியாகக் கிணற்றடியில். முதல் கிழமையிலேயே நாலைந்து தரம் கறண்ட் போனது. அயலட்டையில் சிரிக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு, அந்தக் குரலை நிறுத்திவிடலாம் என்று போனேன்.

ஐயா குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றார். நான் ஸ்பீக்கரைக் கையில் எடுத்ததும் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். ஏன் பதறினார் என்பது ஆள் இல்லாத வீட்டில் இருந்து பார்த்தால்தான் விளங்கும். "வேண்டாம் தம்பி, விடும். என்ன சொல்லுறாள் எண்டு எனக்கு விளங்காதுதான், ஆனால் வீட்டிலை ஒருத்தி கதைக்கிறாள்."

ஒரு வரி இரண்டு தரம்

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சுமதி அக்கா அங்கேயிருந்து ஒரு பதிகம் பாடுவார். சின்ன வயதிலேயே முறையாகப் படித்த குரல். ஒழுங்கையால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போவதை நானே கண்டிருக்கிறேன். எனக்குத்தான் அதை நிம்மதியாகக் கேட்க முடியவில்லை. கிணற்றடி ஸ்பீக்கர் மற்றவற்றுக்குப் பின்னால் இழுபட்டது. எல்லா ஸ்பீக்கரும் ஒரே கணத்தில் பாடவேண்டும், இந்தத் தொழிலின் மானமே அதில்தான் இருக்கிறது. குசினியில் முடிந்த வரி கிணற்றடியில் திரும்பத் தொடங்கினால் என் மானம் எங்கே போகும்?

மன்னிப்புக் கேட்கப் போனேன். ஐயா குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்துச் சைவச் செத்தவீடுகளில் உரலில் சுண்ணம் என்கிற வாசனைப்பொடி இடிப்பார்கள். உலக்கை விழ விழ அதற்குரிய பாட்டைப் பாடுவார்கள். ஐயாவுக்கு அன்றைக்கு ஏன் அந்த நினைப்பு வந்ததோ தெரியவில்லை. "ஒரு வரியை ரெண்டு தரம் கேக்கிறது எனக்கு நல்லதுதானே. நான் போற அண்டைக்கும் சுண்ணப் பாட்டு உவள் சுமதிதான் பாடவேணும் தம்பி, வேறை ஒருத்தரும் தொடக்கூடாது."

மீற்றிங்கில் கிரிக்கெட்

எல்லா வீடும் இப்படி மனதைப் பிசைவதில்லை. நெல்லியடியில் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர். லப்டொப்பில் ஓடுவது எல்லாம் குசினி ஸ்பீக்கரிலும் கேட்கும்படி பூட்டித் தரச் சொன்னார், மனைவி பாட்டுக் கேட்டுக்கொண்டு சமைக்கலாமாம். பூட்டிக் கொடுத்தேன். தேவையில்லாதபோது அதை எப்படிக் கழற்றுவது என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன். அடுத்த கிழமை அவர் அறைக் கதவைச் சாத்தி, முக்கியமான மீற்றிங், ஒருவரும் கூப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மணித்தியாலம் கழித்து மனைவி எனக்குப் போன் எடுத்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "தம்பி, இவரின்ரை மீற்றிங்கிலை இப்ப ஏழு விக்கெற் போட்டுது, நீர் ஒருக்கால் வந்து ஆளைக் கழட்டிவிடும்."

மட்டையில் எழுதித் தொங்கவிட்டது

ஐயா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். சுமதி அக்காவுக்கு வயிற்றில் ஒப்பரேசன் செய்து பத்து நாள்தான். பிளேனில் ஏறவே கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். போனில் அழுது முடிந்தபின் அவர் கேட்டது ஒன்றுதான்: ஐயா ஆசைப்பட்டபடி சுண்ணப் பாட்டைத் தான் அங்கேயிருந்து பாடவேண்டும், இங்கே பந்தலில் கேட்கவேண்டும், அதை ரெக்கோட் பண்ணியும் வைக்கவேண்டும். நான் பொறுப்பு என்றேன். ரஞ்சன் அண்ணை ஓட்டோவில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் ஒரு சுருள் வயரும் கொண்டுவந்து இறக்கினார். செத்தவீட்டில் ஆட்களின் காலில் வயர் தட்டும் என்று சொல்லி அவற்றை ஒரு மூலையில் வைத்துவிட்டு, வீட்டிலிருந்த அந்த நாலு ஸ்பீக்கரையும் லப்டொப்பையும் பந்தலுக்குக் கொண்டுவந்தேன். செத்தவீட்டன்று விடியப் பார்த்தபோது சோக்காகத்தான் வேலை செய்தது.

பிறகு நான் செய்த வேலையைக் கேளுங்கள். வந்தவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் போனில் கனடாவுக்கும் லண்டனுக்கும் செத்தவீட்டைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். டேட்டா முடிகிறது என்று ஒருவர் முறைப்பட, நான் பெரிய மனிதனாக வீட்டு வைபை பாஸ்வேர்டை ஒரு மட்டையில் எழுதி வாசல் படலையில் தொங்கவிட்டேன். சுண்ணம் இடிக்கிற நேரம் வந்தபோது அந்தச் சின்ன ரவுட்டரில் ஊரே தொங்கிக்கொண்டிருந்தது. சுமதி அக்கா முதல் வரியை எடுத்தார். ஒரு ஸ்பீக்கர் இப்போது பாடியது, இன்னொன்று பிறகு பாடியது, அது திரும்ப லப்டொப் மைக்கில் ஏறி ஊளையிட்டது. குருக்கள் காதைப் பொத்தினார். "தம்பி, உந்தச் சத்தத்தை முதல் நிப்பாட்டும்!" நான் பதறிப்போய் இந்தப் பக்கத்து ஸ்பீக்கரையும் மைக்கையும் இரண்டையும் மியூட் பண்ணினேன். ஒரு நிமிடத்தில் சரிசெய்து திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ரஞ்சன் அண்ணை வயரின் ஒரு முனையைப் பெட்டியில் செருகி, மறுமுனையை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

அதற்குள் ஊரில் பாடத் தெரிந்த ஒருவர் தொடங்கிவிட்டார், உலக்கையும் விழத் தொடங்கிவிட்டது. இனித் திறந்தால் இரண்டு பாட்டும் மோதும், எல்லோருக்கும் முன்னால் என் பெயர் கெடும். அதைத்தான் நினைத்தேன், ஐயாவை நினைக்கவில்லை. திரையில் சுமதி அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தார். கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது, சத்தம் இல்லை. அந்த வாய் அசைவதை வேறு யாரும் காணக்கூடாது என்று திரையின் வெளிச்சத்தை நான் குறைத்தேன். பாட்டு முடிய, பாடை எழும்ப, ரஞ்சன் அண்ணை வயரைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒரு நிமிச வேலையடா."

பின்னேரம் வந்த போன்

பின்னேரம் சுமதி அக்கா எடுத்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் எனக்கு முந்திக்கொண்டார். முதலில் ஒரு இரைச்சலாம், பிறகு தன் பக்கம் ஒன்றும் கேட்கவில்லையாம். சனம் எல்லாம் வாயடைத்துப்போய்த் தன் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றதாக நினைத்துப் பாடினாராம். "ஐயாவுக்குப் பக்கத்திலை வடிவாய்க் கேட்டதோ தம்பி?"

"ஓம் அக்கா, நாலு ஸ்பீக்கரிலையும் கேட்டது" என்றேன். யோசிக்கவே இல்லை, அவ்வளவு சுலபமாக வந்தது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகை. பிறகு சொன்னார்: "வரேலாமல் போச்சே எண்டு செத்துக்கொண்டிருந்தனான். இனி எனக்கு உது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

இரண்டு விநாடி

பந்தலில் அத்தனை பேர் நின்றார்களே, ஒருவரும் சொல்லமாட்டார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் பயந்தேன். போதாக்குறைக்கு, செத்தவீட்டு வீடியோவை அனுப்பச் சொல்லி அவர் கேட்டுவிட்டார். ஐயாவின் தம்பி மனைவியிடம் போய், சின்னம்மா, இப்படியொரு பிழை விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் என்னை ஏசியிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஏசவில்லை. ஊர் வாயையும், போனில் பார்த்த வெளிநாட்டு வாயையும் தான் பார்த்துக்கொள்வதாகவும், வீடியோவில் அந்த இடத்துக்குச் சுமதியின் குரலையே போட்டுவிடும்படியும் சொன்னார்.

ரெக்கோட்டிங் இருந்தது. இங்கே மியூட்டில் கிடந்த பாட்டு அதற்குள் ஒரு வரி விடாமல் முழுதாக இருந்தது. அதை இரண்டு விநாடி முன்னுக்கு இழுத்து, உலக்கை விழுகிற இடத்தில் தாளம் விழும்படி வெட்டி வெட்டிச் சேர்த்தேன். அந்த ஊர்க்காரரின் குரலை அழித்தேன். என் வாழ்நாளில் நான் துல்லியமாகச் செய்த வேலை என்றால் அதுதான். செய்யும்போது பலதரம் கண் கலங்கியது. அவ்வளவு நல்ல பாட்டு அது. எங்கள் நாலு ஸ்பீக்கரில் ஒன்றில்கூட அது கேட்கவில்லை. வீடியோ கிடைத்த அன்றைக்கே சுமதி அக்கா போன் எடுத்தார்: "நான் பாடப் பாட உலக்கை எப்பிடி ஒண்டாய் விழுகுது, பாத்தனீரோ? உம்மடை கைராசி தம்பி."

சிபாரிசு

அந்த வீடியோ நோர்வேயில் அவரைத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய்விட்டது. இப்போது எனக்கு வேலைக்குக் குறைவில்லை. அங்கேயிருந்து வருகிறவர்கள் கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுமதி அக்காவின் பெயரைச் சொல்கிறார்கள். ரஞ்சன் அண்ணை உடனே எழுந்து பின்பக்கம் போய்விடுவார். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. திறந்தால் நல்லது என்று எனக்குச் சில நாட்களில் தோன்றும். சுமதி அக்காவுக்கு உண்மையை எழுதி அனுப்ப மூன்று தரம் தொடங்கியும் விட்டேன். அனுப்பினால் என் பாரம் இறங்கும், அவர் தலையில் ஏறும். அனுப்பாமல் இருக்கவும் அதையே சாட்டாகச் சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் நோர்வேயிலிருந்து ஓர் அம்மா வந்தார். மானிப்பாயில் அவருடைய தாய் படுக்கையில் இருக்கிறார். தான் திரும்பிப் போனபின், தாய்க்குக் கடைசி நேரம் வந்தால் தன் குரல் அந்தக் கட்டிலடியில் கேட்கவேண்டுமாம். வயர் போட்டுத்தான் செய்வேன் என்றேன். எதையாவது போடும் என்று சொல்லிவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீர் செய்தால் கட்டாயம் கேக்குமாம், சுமதி சத்தியம் பண்ணிச் சொன்னவ."

வயர் இல்லாமல் எவ்வளவு தூரம் போகும் என்று இப்போது யாராவது கேட்டால், பாட்டு என்றால் ஒரு கல்லுச் சுவர் வரைக்கும், பொய் என்றால் நோர்வே போய்த் திரும்பி என் கடை வாசல் வரைக்கும் என்றுதான் நான் சொல்லவேண்டியிருக்கிறது.