தீவகத்தில் பிள்ளைகளுக்கு அறை சோடித்த காலம்

சின்னப் பிள்ளையின் படுக்கையறையைச் சோடிக்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: அங்கே படுக்கப்போகிறவரைத் தவிர வீட்டில் உள்ள எல்லோரும் அபிப்பிராயம் சொல்லுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் அலங்கார வேலை படித்துவிட்டு, வேலணையில் இருந்தபடி சில வருடங்கள் அந்தத் தொழிலைச் செய்தேன். சுவரில் படம் கீறுவது நான். கட்டில், அலுமாரி, சின்னக் கதிரை எல்லாம் ஊர்காவற்றுறை மரியதாஸ் அண்ணையின் கைவேலை. இப்போது பள்ளிக்கூடமொன்றில் சித்திரம் படிப்பிக்கிறேன். என்றாலும் எந்த வீட்டிலாவது புதுப் பெயின்ற் மணம் வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. பிள்ளைக்கென்று ஓர் அறையை ஒழுங்குபடுத்தி, பிறகு அந்த அறையின் நடுவில் நின்று யோசித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது.

நிலாவும் நட்சத்திரமும்

வேலணையில் ஓர் ஆசிரியத் தம்பதி. நாலு வயது மகளுக்கு இரவு வானம் மாதிரி அறை வேண்டும் என்றார்கள். கூரைத்தட்டில் நட்சத்திரம், கட்டில் தலைமாட்டில் பலகையில் வெட்டிய முகில், யன்னலுக்கு நீலத் திரை. முடிந்த அன்று அயலட்டை எல்லாம் வந்து பார்த்தது. எனக்கும் பெருமைதான்.

கொஞ்ச நாள் கழித்து, மற்றவர்களுக்குக் காட்டப் படம் எடுக்கலாம் என்று போனேன். தாய் எந்தக் கூச்சமும் இல்லாமல் அறையைத் திறந்துவிட்டார். முகிலிலும் யன்னல் கம்பியிலும் பிடிபிடியாகச் சின்ன வெங்காயம் தொங்கியது. முதல் நாள் பிள்ளை தனியப் படுக்க மாட்டன் என்றதாம். தாய் துணைக்குப் போனாராம். பிறகு தகப்பனும் தலையணையோடு வந்தாராம். மூன்று பேருக்கும் கட்டில் போதாமல், எல்லோரும் பழையபடி விறாந்தையில் பாயை விரித்துவிட்டார்கள். தாய் சொன்னார்: “குறை நினையாதையும் தங்கச்சி, வெங்காயத்துக்கு இது நல்ல காத்தோட்டமான அறை.”

சரவணையில் ஒரு கோட்டை

கனடாவில் இருந்து ஒருவர் அழைத்தார். சரவணையில் வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு முடியப்போகிறது, மகளுக்கு ஒரு ராசகுமாரி அறை வேண்டும் என்றார். மகள் பொம்மை இல்லாமல் படுக்க மாட்டாள், நாயைக் கண்டால் பயம், ரோசாப்பூ நிறம் என்றால் உயிர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கோட்டையும் அன்னங்களும் கீறினேன். சின்னக் கால் ஏறட்டும் என்று மரியதாஸ் அண்ணை கட்டிலுக்கு இரண்டு படி வைத்தார்.

கோயில் திருவிழாவுக்கு அவர்கள் வந்தபோது நாங்களும் போயிருந்தோம். வான் வண்டியில் இருந்து என்னைவிட உயரமான ஒரு பெண் இறங்கினாள். தமக்கையாக்கும் என்று நினைத்தேன். அவர்களுக்கு ஒரே மகள்தானாம். அவள் அறைவாசலில் நின்று கோட்டையைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், கடைசியாகத் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்திருக்கும், சிரிக்கவில்லை. நல்ல வடிவாக இருக்குது அப்பா என்று சொல்லிவிட்டுத் தன் பையைக் கொண்டுவந்து அந்தக் கட்டிலிலேயே வைத்தாள். தகப்பன் கட்டில் படியில் குந்திவிட்டார். எங்களுக்குச் சொன்னாரோ, தனக்குச் சொன்னாரோ தெரியாது: “இந்த அறைக்கு அத்திவாரம் போடேக்க அவள் என்ர தோளில இருந்தவள்.”

நெடுந்தீவுக் குதிரை

குறிகாட்டுவான் துறையில் பெயின்ற் வாளிகளோடு படகேறி, உப்புத்தண்ணியில் நனைந்தபடி நெடுந்தீவில் இறங்கினோம். கடைக்காரர் ஒருவரின் மகள் தொலைபேசியில் பார்த்த கொம்பு வைத்த குதிரை கேட்டிருந்தாள். பிடரி மயிர் வானவில் நிறத்தில் இருக்க வேண்டும். வேலிக்கு வெளியே, அந்தத் தீவில் ஆளில்லாமல் திரிகிற கொம்பில்லாத குதிரைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டு நின்றன. அவற்றை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

சுவரில் மூன்றாவது குதிரையைக் கீறிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அன்று காலையில்தான் அவருடைய வாழைக்கன்றுகளைக் குதிரைகள் துவம்சம் செய்திருந்தன. சுவரைக் காட்டிச் சொன்னார்: “வெளியில நிக்கிறதுகளைக் கலைக்க ஏலாமல் நாங்கள் நிக்கிறம், நீர் உள்ளுக்கையும் கொண்டுவந்து விடுறீர்.”

கடலைத் தவிர

ஊர்காவற்றுறையில் ஒரு மீனவக் குடும்பம். நான் கதிரையில் உட்கார முதலே, எதை வேண்டுமானாலும் கீறலாம், கடலை மட்டும் கீறக்கூடாது என்று தாய் சொல்லிவிட்டார். அவருடைய தமையன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். கணவரும் கடல்தொழிலுக்குப் போகிறவர்தான். மகன் யூட்டாவது படித்துக் கரையில் இருக்கட்டும் என்பது அவருடைய வைராக்கியம்.

காடு கீறினேன். யானை, மயில், குரங்கு. நான் நிறம் குழைக்கும்போது ஆறு வயது யூட் கிட்ட வந்து, அம்மாவுக்குத் தெரியாத மூலையில் ஒரு சின்ன வள்ளம் கீறுவீங்களா என்று காதுக்குள் கேட்டான். அம்மா வேண்டாம் என்றதை நான் செய்யக்கூடாது என்றேன். அவன் அழவில்லை. யானைக்கு நீந்தத் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். வாசலில் நின்ற தகப்பன் அவன் தலையைத் தடவிவிட்டார். அன்று முழுக்க எனக்கு மயிலின் நிறம் சரிவரவே இல்லை.

பிறகு கோயில் பெருநாளுக்கு அந்தப் பக்கம் போனபோது தாய் என்னைக் கூட்டிப்போய் அறையைக் காட்டினார். கட்டில் கால்களில் தடியைக் கட்டி, அதில் அவருடைய பழைய சேலையை வள்ளத்துப் பாய்மரப் பாயாக விரித்திருந்தான் யூட். கையில் பனைமட்டைத் துடுப்பு. பின்னுக்குத் தகப்பன் சுக்கான் பிடித்தபடி இருந்தார். எங்களைக் கண்டதும் இரண்டு பேரும் அசையாமல் இருந்தார்கள்.  தாய் மெல்ல உள்ளே போய், சேலை நழுவுகிற மூலையைப் பிடித்து, தான் தமையனிடம் பழகிய முடிச்சைப் போட்டுக்காட்டினார். “இப்பிடி இறுக்கிப் போடு ராசா, இல்லாட்டிக் காத்துக்குக் கழண்டிடும்.”

மஞ்சள் அறை

மண்கும்பானில் ஓர் அக்கா. கொழும்பில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்திருந்தார். பெண்பிள்ளைக்கு ஒரு அறை வேண்டும், வயது ஏழு என்றார். மற்றவர்கள் படம் அனுப்புவார்கள். இவர் வாயால் சொன்னார். பிள்ளைக்கு மஞ்சள் பிடிக்கும், சுவரில் ஆவரசம்பூ வேண்டும், பொம்மைகளுக்குப் பாடம் எடுக்க ஒரு சின்ன மேசை வேண்டும், இருட்டுக்குப் பயம் என்பதால் கட்டில் வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இவ்வளவு தெளிவாகப் பிள்ளையை அறிந்த ஆளை நான் அதற்கு முதல் சந்தித்ததில்லை.

வேலை முடிந்த பின்னேரம், பிள்ளை எப்ப வருகிறா என்று மரியதாஸ் அண்ணை கேட்டார். அக்கா தேத்தண்ணி தந்துவிட்டு அந்தச் சின்னக் கதிரையிலேயே இருந்தார். தனக்கு ஏழு வயது நடக்கும்போது அப்பா இதே இடத்தில் தனக்கு ஒரு அறை கட்டத் தொடங்கினவர் என்றார். சுவர் யன்னல் மட்டத்துக்கு எழும்பியபோது யுத்தத்தால் தீவே இடம்பெயர்ந்தது. அப்பா வாடகை வீட்டில் செத்துப்போனார். திரும்பி வந்து பார்த்தபோது அந்த அரைச்சுவர் பற்றைப் புதருக்குள் அப்படியே நின்றதாம். அதன்மேல்தான் மிச்சத்தைக் கட்டுவித்திருக்கிறார்.

மரியதாஸ் அண்ணையும் அந்த இடப்பெயர்வில் ஊரை விட்டுப் போனவர்தான். தேத்தண்ணியை வைத்துவிட்டு, கட்டிலைக் கழற்றிக்கொண்டு போய் நீட்டிக் கொண்டுவாறன் அக்கா, இதில் உங்களுக்குக் காலை நீட்ட ஏலாது என்றார். அக்கா மறித்துவிட்டார். “வேண்டாம் தம்பி, நான் பக்கத்து அறையிலதான் படுப்பன். இது அந்தப் பிள்ளையின்ர அறை.”

இத்தனை அறைகளையும் சோடித்து நான் கண்டது, பிள்ளையின் அறையில் பெரியவர்கள் தங்கள் ஆசைகளையெல்லாம் அடுக்கி முடித்த பிறகு பிள்ளைக்கென்று மிஞ்சுவது பெரும்பாலும் கட்டிலுக்குக் கீழே உள்ள இடம்தான்.