வெள்ளி ஜெயித்த வருஷம், பசறை ரோட்டில்

1897, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. மருதானை ஸ்டேஷனில் காலை ரயிலில் ஏறியபோது என் மடியில் தேங்காய் அளவு மருந்து உருண்டை ஒன்று இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்து. சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் இடித்துக் கருப்பட்டியில் கிண்டி என் மனைவி உருட்டித் தந்தது. அதன் நடுவில் ஒரு வெள்ளி அரைஞாண்கொடி இருந்தது மனைவிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

பசறைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் என் தங்கை பூவாயிக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாக அங்கிருந்து வந்த ஆள் சொன்னான். முதல் கொடியைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். அவன் இன்னொன்றும் சொன்னான். தோட்டத்தை மூடப் போகிறார்களாம், ஆட்களைக் கடல் தாண்டி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பப் போகிறார்களாம். அவர்கள் கிளம்புவதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். முடிந்தால் தங்கையையும் மச்சானையும் என்னோடு கொழும்புக்கு அழைத்து வந்துவிட வேண்டும். எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான்.

கொடியை ஏன் மருந்துக்குள் ஒளித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். முந்தின வருஷம் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. தங்கமே நாணயத்துக்கு அளவு என்றார் ஒருவர். வெள்ளியையும் தங்கத்துக்குச் சமமாய் வைத்து, வருகிற வெள்ளியை எல்லாம் நாணயமாய் அடிப்பேன் என்றார் மற்றவர். வெள்ளிக்காரர் ஜெயித்தார். அந்தச் செய்தியை எங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவன் நான்தான். ‘வெள்ளி’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததில் ளகரப் பெட்டி காலியாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த கவலை அவ்வளவுதான்.

பிறகுதான் ஒவ்வொன்றாய் விளங்கியது. வெள்ளி விலை ஏறினால் வெள்ளி ரூபாயும் ஏறும். தேயிலை லண்டனில் பவுனுக்கு விற்கிறது. கூலியும் அரிசியும் இங்கே ரூபாயில். ஏறிய ரூபாய்க்கு அதே பவுன் போதவில்லை. ரயிலுக்குத் தூரமான தோட்டங்கள் முதலில் ஆட்டம் கண்டன. வெள்ளிக் கொலுசு போட்ட பெண்கள் தனியாய்த் தண்ணிக்குப் போகப் பயந்தார்கள். ரயிலில் தூங்கியவர் விழித்துப் பார்த்தால் அரையில் கொடி இருப்பதில்லை.

நூற்றறுபது மைல். நான் கண்ணை மூடவே இல்லை. நானுஓயாவைத் தாண்டியதும் குளிர் எலும்பில் ஏறியது. அப்புத்தளையில் ஜன்னல் வழியே பள்ளத்தைப் பார்த்த எல்லாரும் ‘அடேயப்பா’ என்றார்கள். நான் உருண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பண்டாரவளையில் இறங்கும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். ஒரு கடையின் பின்கட்டில் படுக்க இடம் கிடைத்தது. கோப்பி இரண்டு சதம். பால் தனி என்றான், பாவி.

புதன்கிழமை விடிந்ததும் பதுளைக்குக் குதிரைக் கோச்சு. பதினெட்டு மைலும் வளைவுகள். எனக்கு எதிரே உட்கார்ந்தவர் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் காசிம் நானா. துணி இப்போது பெயருக்குத்தான், வெள்ளி வாங்குவதுதான் வியாபாரம் என்று அவரே சொன்னார். நான் உருண்டையை மடியோடு அணைத்துக்கொண்டேன். போதாததற்கு அவருக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் மடியைப் பார்த்தார்.

“என்னா தம்பி அது? சுக்கு வாசம் மூக்கைத் தொளைக்குது.”

“புள்ள பெத்தவளுக்கு மருந்துங்க. தங்கச்சிக்கு.”

“சளிக்கும் நல்லதுதானே? ஒரு துண்டு கிள்ளிக் குடுங்களேன்.”

இல்லை என்று எப்படிச் சொல்வது? மேலாகக் கிள்ளிக் கொடுத்தேன். ‘இன்னும் கொஞ்சம்’ என்று அவரே கை நீட்டி நகத்தை அழுத்தினார். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் வாயில் போட்டு மென்று கண்ணை மூடிக்கொண்டார்.

“அந்தத் தங்கக்காரரு ஜெயிச்சிருந்தா நான் பேசாம சீத்தைத் துணி அளந்துகிட்டு இருந்திருப்பேன். தோட்டத்து ஜனமும் கொழுந்து எடுத்துகிட்டு இருந்திருக்கும். அவரு பேருகூட நமக்குத் தெரிஞ்சிருக்காது. எங்கயோ இருக்கிறவன் போட்ட ஓட்டு, பாருங்க.”

“உங்களுக்கு நல்லதுதானேங்க, யாவாரம்?”

“நல்லதா? என் கடைக்கு வார்ற சனமே தோட்டத்துச் சனம்தான் தம்பி. கொலுசை வித்துப்போட்டு அவங்க போயிட்டா அப்புறம் யாருக்கு விக்கிறது?” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

பதுளையில் இறங்கியதும் என் தோளைத் தட்டி, “மருந்து நல்ல பாரம் தம்பி. சும்மா கையில வச்சுத் தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க, வெறும் சுக்கு அவ்வளவு கனக்காது” என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். அந்தத் தெருவில் கடைக்குக் கடை தராசு தொங்கியது. தராசுக்கு முன்னால் பெண்கள் குனிந்து கொலுசைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதுளையிலிருந்து பசறை பன்னிரண்டு மைல். வண்டிக்காரர் யாரும் அந்தப் பக்கம் வரத் தயாராய் இல்லை, திரும்பி வரும்போது ஏற்றுகிற ஆட்களிடம் கூலி கொடுக்கக் காசு இருக்காது என்றார்கள். நடந்தேன். கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. இந்தக் காற்று வீசும் மாதங்களில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம் என்பார்கள். ரோட்டோரத் தோட்டங்களில் எடுக்க ஆள் இல்லாமல் கொழுந்து முற்றி, செடிகள் ஆள் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தன.

எதிரே ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முன்னால் குடை பிடித்த கங்காணி, பின்னால் தலையில் சட்டிபானையும் இடுப்பில் பிள்ளையுமாய் அவர் கூட்டிவந்த ஆட்கள். ஒவ்வொரு கூட்டத்தையும் நிறுத்தி, “எந்தத் தோட்டங்க?” என்று கேட்டேன். வேறு பெயர்தான் வந்தது. அப்பாடா என்றிருக்கும். அடுத்த வளைவு வந்ததும் பயம் திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிழவர், “ஊசிமலையா? அவங்க குறுக்குப் பாதையில எறங்கிட்டதா கேள்வி” என்றார். அவர் பின்னால் வந்த பெண், “இல்லைங்க, இன்னும் லயத்து வீட்டுலதான் இருக்காங்க” என்றாள். யாரை நம்புவது? அவள் சொன்னதை நம்பி மேலே நடந்தேன், எனக்கு வேண்டியதை அவள்தான் சொன்னாள்.

இருட்டியதும் ஏழாம் மைல் கட்டைக்குப் பக்கத்தில், வழிப்போக்கர் தங்கும் அம்பலத்தில் ஒதுங்கினேன்.

வியாழக்கிழமை, விடியும் முன். தப்புச் சத்தம் கேட்டு எழுந்தேன். தோட்டத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தினமும் விடிகாலையில் தப்பு அடித்தால் லயத்து ஆட்கள் எல்லாரும் வந்து வரிசையில் நிற்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். ஆள் எண்ணி, வேலை பிரித்துக் கொடுப்பார்கள். சாவுக்கு அடிக்கும் அடி வேறு, பெரட்டுக்கு அடிக்கும் அடி வேறு. இது பெரட்டுத் தப்புதான். சிறுவயதில் நான் லயத்தில் கேட்டு வளர்ந்த அதே அடி. தப்பு அடிக்கிறது என்றால் வேலை நடக்கிறது. வேலை நடக்கிறது என்றால் தோட்டம் மூடவில்லை. அந்தப் பெண் சொன்னது சரி. எனக்கு வந்த சந்தோஷத்தில் முகம்கூடக் கழுவாமல் சத்தம் வந்த திசைக்கு ஓடினேன்.

வளைவைத் திரும்பினால் அங்கே தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. ரோட்டோரப் புல்லில் அணைந்த அடுப்புக் கற்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ஆணும் பெண்ணுமாய் வரிசையாய் நின்றார்கள். பெண்கள் பழக்கத்தில் கொழுந்துக் கூடையைக்கூட முதுகில் மாட்டியிருந்தார்கள். கூடைக்குள் சட்டியும் துணியும் இருந்தன. வீரமுத்துக் கங்காணி ஒவ்வொருவராய் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்தும் வேலை பிரிக்க எதுவும் இல்லாமல் வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

வரிசையில் மூன்றாவதாய்ப் பூவாயி நின்றாள்.

“அண்ணே!” என்றவள் வரிசையை விட்டு வரவில்லை. கங்காணி தலையசைத்த பிறகுதான் வந்தாள். பச்சை உடம்பு, முகமெல்லாம் புழுதி. மச்சான் சடையன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இங்க எதுக்குப் பெரட்டு?” என்று கங்காணியைக் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே.

“நேத்து அடிக்காம விட்டுப் பாத்தேன் தம்பி. வெயில் ஏறியும் ஒருத்தரும் எந்திரிக்கல. சுருண்டு கெடந்தாங்க. இன்னைக்கு அடிச்சேன், எந்திரிச்சுட்டாங்க.”

நான் தங்கையிடம் கொழும்புக்கு வரச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அவள் மச்சானைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“துரை குடுத்த துண்டு எல்லாருக்கும் சேத்து ஒண்ணுதான் அண்ணே, கங்காணி கையில இருக்கு” என்றாள். துண்டு என்பது தோட்டத்திலிருந்து விடுவித்ததற்குத் தரும் சீட்டு. “நாங்க பிரிஞ்சு வந்துட்டா நாளைக்கு எந்தத் தோட்டத்துலயும் சேக்க மாட்டாங்க. ஒன் வீட்டுல எத்தன நாளைக்கு ஒக்காந்து திங்கிறது?”

அச்சுக்கூடத்துக்காரன் வீட்டில் அறை ஒன்றுதான்.

உருண்டையை உடைத்தேன். கருப்பட்டி ஒட்டிய கொடியைத் துணியால் துடைத்து, குழந்தையின் இடுப்பில் கட்டினேன். வளர்ந்தாலும் போதட்டும் என்று பெரிதாய்ச் செய்யச் சொல்லியிருந்தேன். தொளதொளவென்று தொங்கியது. அவன் கால்களை உதைத்தான். சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு நிமிஷம் அது வீடு மாதிரி இருந்தது.

பூவாயி குனிந்து அவன் வயிற்றில் முத்தம் கொடுத்தாள். பிறகு கொடியைக் கழற்றி என் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“மாமன் கட்டியாச்சு. மொறை முடிஞ்சுது. நீயே வச்சுக்க அண்ணே. கண்டி தாண்டி வடக்க காடா கெடக்கு. அரையில வெள்ளி இருந்தா புள்ளைய உசுரோட விடமாட்டானுக.”

தன் முந்தானையில் முடிந்திருந்த கறுப்புக் கயிற்றை எடுத்துக் கட்டினாள். மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். வழியில் சாப்பிடுவதாகச் சொன்னாள். தப்பு மறுபடி அடித்தது. கங்காணியின் குடை விரிந்தது. பதுளை வரை நானும் கூடவே நடந்தேன். அதற்கு மேல் அவர்கள் பாதை வேறு, என் பாதை வேறு.

கொழும்பில் இப்போதும் எழுத்துக் கோக்கிறேன். தூர தேசத்துச் செய்தி எதைக் கொடுத்தாலும் கோக்கும் முன் ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுகிறேன். அமெரிக்காவில் இன்னும் கொஞ்சம் பேர் தங்கக்காரருக்கு ஓட்டுப் போட்டிருந்தால், காசிம் நானா சொன்ன மாதிரி, அவர் துணி அளந்திருப்பார். பூவாயி கொழுந்து எடுத்திருப்பாள். நான் அவள் லயத்தில் இரண்டு நாள் இருந்து, வாசமான தேயிலைத் தண்ணி குடித்துவிட்டு, இந்தப் பயணத்தைப் பற்றி வேறு மாதிரி ஒரு கட்டுரை எழுதியிருப்பேன்.

இந்தியாவுக்குப் படகு ஏறும் மன்னார்ப் பக்கம் போய் வருகிறவர்களிடம் எல்லாம் விசாரிக்கிறேன். வீரமுத்துக் கங்காணியின் ஆட்களைப் பார்த்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை. கொடி என் பெட்டியில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஆசாரியிடம் கொடுத்து இரண்டு கண்ணி கூட்டி வாங்குகிறேன். பூவாயி பையன் வளர்ந்திருப்பான்.