கிரனாடாவுக்குப் போன குரல்

ஸ்பெயின்காரர் கப்பல் ஏறிப் போய் உலகத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். இருக்கட்டும். ஆனால் ஸ்பெயினைக் கண்டுபிடித்தது யார்? டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்து நிக்கலஸின் மூத்த மகள் அஜந்தினி. அவள் போய் இறங்கும்வரை அந்த நாட்டில் வெயில்கூட ஒழுங்காக எறித்ததில்லை. அவள் கிரனாடாவில் கால் வைத்த அன்று, அங்கே கல்லறைகளில் கிடந்த ராசாமார் எழும்பி உட்கார்ந்து, “ஆர் பிள்ளை நீ, எந்த ஊர்?” என்று விசாரித்தார்கள்.

2009ஆம் ஆண்டு தை மாதம் முழுக்க டெனிஸ்ரன் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் அஜந்தினியின் ஒரே தம்பி, பதினேழு வயது. தொழிற்பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு நகரத்துக்கு வெளியே ஒரு பொருட்கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வித்தை, அடுத்தவரின் குரலில் பேசுவது. ஒருமுறை சுவாமியாரின் குரலில் அந்தோனிதாசன் அங்கிளுக்குப் போன் எடுத்து, பெரிய வெள்ளி நாடகத்தில் அவருக்கு யூதாஸ் வேடம் என்று சொல்லிவிட்டான். நாடகமே கிடையாது. மனிதர் தவக்காலம் முழுக்கத் தாடி வளர்த்தார்.

அஜந்தினி உண்மையில் எந்தக் கப்பலையும் ஓட்டியவள் அல்ல. மன்னாரில் பிறந்து, ஐந்து வயதில் டென்மார்க் வந்தவள். எட்டு வயதில் அந்த வீட்டின் வாயாகிவிட்டாள். நகரசபை அலுவலகம், டாக்டர், அப்பா வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலை, எங்கே போனாலும் பெரியவர்களுக்கு நடுவில் நின்று இந்தப் பக்கம் டேனிஷும் அந்தப் பக்கம் தமிழுமாகக் கதைத்தாள். டெனிஸ்ரனின் ஆசிரியை ஒருநாள் மூச்சுவிடாமல் அவனைப் பற்றி முறைப்பாடு சொன்னார். அம்மா மேரிசெலின் கவலையோடு மகளைப் பார்த்தாள். “தம்பி நல்ல சுறுசுறுப்பாம்” என்று அதை முழுவதும் மொழிபெயர்த்து முடித்தாள் அஜந்தினி. அந்தக் கடனை டெனிஸ்ரன் யாரிடமும் சொன்னதில்லை.

ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் அவள் ஸ்பானிஷ் படிக்கப்போவதாகச் சொன்னபோது அப்பாவுக்குத் தலை சுற்றியது.

“ஏன் பிள்ளை, அதில என்ன கிடக்கு?”

“எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாத பாஷை அப்பா. அதில ஆரும் என்னை ‘இதை ஒருக்கால் சொல்லு’ எண்டு கேக்கேலாது.”

அரையாண்டு பரிமாற்றப் படிப்புக்குக் கிரனாடாவை எடுத்ததற்குக் காரணம் இன்னும் எளிது: மலிவு. டேனிஷ் அரசு மாணவருக்குக் கொடுக்கிற உதவிப் பணத்தில் அங்கே ஒரு ராணியைப் போல இருக்கலாமாம். குடிக்க ஒன்று வாங்கினால் சாப்பாட்டுத் தட்டு ஒன்று சும்மா வருமாம். “சும்மாவோ?” என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். சும்மா தருகிறவனை நம்பக்கூடாது என்று அப்பா சொன்னார்.

அங்கே போனபின் அவளுடைய தொலைபேசி அழைப்புகளில் எல்லாமே குழப்பமாக இருந்தது. டென்மார்க்கில் வெளியே குளிர், வீட்டுக்குள் சூடு. அங்கே வெளியே வெயில், வீட்டுக்குள் விறைக்கிறது. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. தெருவெல்லாம் தோடை மரம், ஆரஞ்சு நிறப் பழத்தைக் கடித்தால் கைப்பு. பேராசிரியர் கதைக்கிற வேகத்தில் அவளுக்கு வினைச்சொற்கள் மட்டும் கேட்டன, செய்தது யார் என்று தெரியவில்லை. “இந்தியாவோ? மொரோக்கோவோ?” என்று கேட்பவர்களிடம் “டென்மார்க்” என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம். “நானும் சேர்ந்து சிரிக்கிறன் அம்மா. வேற என்ன செய்யிறது?”

இதைச் சொல்லும்போது அவளுடைய குரல் மிகவும் இலேசாக இருந்தது. டெனிஸ்ரன் அக்காவை அப்படிக் கேட்டதில்லை.

ஆனால் ஒவ்வொரு அழைப்பும் ஒரே கேள்வியில்தான் முடிந்தது. “சித்தி போன் எடுத்தவவோ?”

சித்தி விமலராணி அம்மாவின் தங்கை. அஜந்தினியை ஐந்து வயதுவரை இடுப்பிலிருந்து இறக்காதவள். அவள் வன்னியில், சண்டைக்கு நடுவில் அகப்பட்டிருந்தாள். டெனிஸ்ரன் டென்மார்க்கில் பிறந்தவன், அவளை நேரில் கண்டதில்லை. அவனுக்கு அவள் ஒரு குரல் மட்டும்: பேசத் தொடங்குமுன் இருமலைப் போன்ற ஒரு சின்னச் சிரிப்பு, அதற்குப் பிறகு செல்லமாக “என்ன குஞ்சு”. மார்கழியில் நத்தாருக்குப் போன் எடுத்தவள் அதன்பின் எடுக்கவில்லை. ஒருவேளை எடுப்பாளோ என்று அஜந்தினி தன் டென்மார்க் போனையும் கிரனாடாவுக்குக் கொண்டுபோய் அணைக்காமல் வைத்திருந்தாள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் அஜந்தினி சொன்னாள்: “நான் எல்லாத்தையும் விட்டிட்டு வாறன். அங்க எல்லாரும் சண்டையை நிப்பாட்டச் சொல்லி ஊர்வலத்தில நிக்கிறியள். நான் இஞ்ச சும்மா வாற தட்டைத் திண்டுகொண்டு இருக்கிறன். சித்தியின்ர குரலை ஒருக்கால் கேட்டாலாவது மனம் ஆறும்.”

அவள் இறுதிச் சோதனை எழுதுவது ஆனி மாதம். இப்போது வந்தால் அரையாண்டு வீண். அது மட்டுமல்ல. அவள் வந்தால் செஞ்சிலுவைச் சங்கம், தூதரகம், வக்கீல் என்று எல்லா இடமும் அவள்தான் கதைக்க வேண்டும். வாய் மறுபடியும் வீட்டுக்கு வந்துவிடும், திரும்பிப் போகாது. பெட்டி அடுக்குகிறவனுக்கும் அந்தளவு விளங்கியது.

மறுநாள் அவன் ஒரு தொலைபேசி அட்டை வாங்கினான். அட்டையில் எடுத்தால் நம்பர் விழாது. மாடிக் குடியிருப்பின் நிலக்கீழ் அறையில் எல்லாருக்கும் பொதுவான சலவை இயந்திரங்கள் நின்றன. ஒன்றை வெறுமனே சுற்றவிட்டு, அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இருமலைப் போலச் சிரித்தான்.

“என்ன குஞ்சு. நான் சித்தி. கேக்குதோ?”

“சித்தி! எங்க நிக்கிறியள்?”

“இஞ்சதான். கனக்கக் கதைக்கேலாது. நீ படிப்பை விட்டிட்டு வந்தியோ, காலை முறிப்பன்.”

அவள் அழுதாள். பிறகு சிரித்தாள். டெனிஸ்ரன் பயந்துபோய்த் தொடர்பை அறுத்தான். தான் செய்த பகிடிகளில் தானே சிரிக்காத முதல் பகிடி அது.

அடுத்த கிழமையும் எடுத்தான். “அம்மாட்டச் சொல்லு, அக்கா சுகமோ எண்டு நான் கேட்டதெண்டு” என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு படாரென்று திறந்தது. அழுக்குக் கூடையோடு அம்மா நின்றாள். அவளுடைய கண்கள் அந்தச் சின்ன அறை முழுக்கத் தங்கையைத் தேடின. மகனில் வந்து நின்றன. அவன் போனை வைத்த கையோடு கன்னத்தில் ஒன்று விழுந்தது.

“என்ன விளையாட்டடா இது?”

அவன் காரணத்தைச் சொன்னான். அம்மா கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இயந்திரம் சுற்றி ஓய்ந்தது. மூக்கைச் சீறிக்கொண்டு சொன்னாள்:

“அவள் ‘அக்கா’ எண்டு இப்பிடி இழுக்கமாட்டாள். கட்டையாச் சொல்லுவாள். சொல்லு பாப்பம்.”

“அக்கா.”

“இன்னும் கட்டையா.”

அதன்பின் கிழமைக்கொருமுறை சித்தி எடுத்தாள். அம்மா பக்கத்தில் நின்று கையால் சாடை காட்டினாள். அஜந்தினி கேட்கிற கேள்விகள்தான் கஷ்டம். “என்ன சாப்பிடுறியள் சித்தி?” பதுங்குகுழியில் என்ன சாப்பிடுவார்கள்? “கஞ்சி” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். பிறகொருநாள் தொலைக்காட்சியில் ஆட்கள் பாத்திரத்தோடு கஞ்சிக்கு நின்றதைப் பார்த்தபோது, தான்தான் அவர்களை அந்த வரிசையில் விட்டதைப்போல ஒரு குழப்பம் வந்தது. கிடங்கில் ஒரு டேனிஷ்காரன் பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டபோது, “ஐயோ குஞ்சு” என்று சித்தியின் குரலில் கத்தியும்விட்டான்.

வைகாசியில் சண்டை முடிந்தது என்று செய்தி வந்தது. ஒரு வானொலி முடிந்தது என்றது, இன்னொன்று இல்லை என்றது. அப்பா சாப்பாட்டு மேசையில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஒன்றையும் வாயில் வைக்காமல் இருந்தார். வேலையிடத்தில் அந்தக் கால் நசுங்கிய மனிதன் தேடி வந்து கையைக் குலுக்கினான். “உங்கட நாட்டில யுத்தம் முடிஞ்சிட்டுதாமே. வாழ்த்துகள்!” டெனிஸ்ரன் நன்றி சொன்னான். எதற்குச் சொன்னான் என்று அன்று முழுவதும் யோசித்தும் தெரியவில்லை.

சித்தியைப் பற்றி மட்டும் ஒரு செய்தியும் இல்லை.

“இனிச் சித்தி என்ன சொல்லுவா அம்மா?”

“தெரியேல்லையடா.” அம்மா தலையைப் பிடித்துக்கொண்டாள். “சண்டை முடிஞ்சுதெண்டால் உயிரோட இருக்கிறவள் எடுக்கவேணும். எடுக்காட்டில்...”

செத்துப்போயிருக்கக்கூடிய ஒருத்தியின் வாயை வைத்து அக்காவுக்கு நம்பிக்கை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது டெனிஸ்ரனுக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னால் அவள் சோதனைக்கு முன்பே விமானம் ஏறிவிடுவாள். சொல்லாவிட்டால், பிறகு ஒருநாள் அவளுக்குச் சித்தி இரண்டுமுறை சாவாள். கடைசியாக ஒருமுறை எடுத்து விடைபெறுவது என்று முடிவாகியது.

சனிக்கிழமை காலை, இயந்திரம் சுற்றியது. அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்ன குஞ்சு. நாங்கள் முகாமுக்கு வந்திட்டம். இஞ்ச போன் இல்லை. இனி எடுக்கமாட்டன். நீ சோதினையை வடிவா எழுது. அதுக்குப் பிறகு...”

பிறகு என்ன என்று அவன் யோசித்து வைத்திருக்கவில்லை.

“சரி சித்தி” என்றாள் அஜந்தினி. “ஒரு நிமிசம் நில்லுங்கோ. மற்றக் காதில இன்னொரு சித்தி நிக்கிறா.”

அம்மா எட்டி இயந்திரத்தை நிறுத்தினாள்.

வெகுதூரத்தில், ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குள், இருமலைப் போல ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. “ஆரடி குஞ்சு அது, என்ர குரலில?”

“நீங்கள்தான் சித்தி. சித்திரையில இருந்து எனக்குக் கிழமைக்கொருக்கால் எடுக்கிறியள்.”

“நானோ? எனக்கு இண்டைக்குத்தானேயடி முகாமுக்கு வந்த ஒரு சிஸ்டர் போன் தந்தவ. உன்ர டென்மார்க் நம்பர் ஒண்டுதான் ஞாபகத்தில நிண்டது.”

அம்மா போனுக்குக் கை நீட்டினாள். டெனிஸ்ரன் ஏதாவது சொல்லப் பார்த்தான். சித்தியின் குரலும் வரவில்லை, அவனுடைய சொந்தக் குரலும் வரவில்லை.

“டேய் டெனி” என்றாள் அக்கா. “உன்ர தமிழ் நல்லாத் திருந்தியிருக்கு. இப்ப போனை அம்மாட்டக் குடு.”