டீ பாக்கெட்டில் இருந்த அம்மா

கல்லறைத் திருநாளன்று எஸ்டேட் சனம் பூவும் மெழுகுவத்தியும் செத்தவர்களின் போட்டோவும் எடுத்துக்கொண்டு மேடேறும். டின்சி மட்டும் ஒரு பழைய டீ பாக்கெட்டோடு போவாள். அப்பா இன்னாசிராஜின் கல்லறையில் சட்டம் போட்ட போட்டோ நிற்கும். பக்கத்தில் அம்மா மதலேனம்மாளின் மண்மேட்டில் அந்த டீ பாக்கெட். புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருவர் அதைப் பார்த்துத் திகைத்து, அந்த அம்மாவுக்கு டீ என்றால் அவ்வளவு உயிரா என்று கேட்டுவிட்டார். சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. டின்சி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவளுக்கு எதுவும் சட்டென்று உறைக்காது என்பது லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

விஷயம் இதுதான். டின்சியைப் பெற்றுப் போட்ட கையோடு மதலேனம்மாள் கண்ணை மூடிவிட்டாள். இருந்த ஒரே கல்யாண போட்டோவை இடுக்கி மழை தின்றுவிட்டது. பூசணம் பூத்ததில் மாப்பிள்ளையின் கால் மட்டும் மிஞ்சியது. பிள்ளை தவழ்கிற சமயத்தில் கம்பெனி முதன்முதலாகத் தன் தேயிலையைப் பாக்கெட்டில் அடைத்து விற்க ஆரம்பித்தது. முகப்பில் கூடையைச் சுமந்துகொண்டு பல் தெரியச் சிரிக்கிற ஒரு கொழுந்துக்காரியின் படம். செடி கீறாமலிருக்க, கொழுந்து கிள்ளுகிற பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொள்வது இங்கே வழக்கம். படத்திலிருந்தவள் மாட்டியிருந்தது, மதலேனம்மாள் வேலைக்குப் போட்டுப்போன இன்னாசிராஜின் சட்டை. பையில் அவரே தைத்த முக்கோண ஒட்டுத்துணியைக்கூட ஓவியன் விடாமல் வரைந்திருந்தான். இன்னாசிராஜ் பாக்கெட்டைப் பிள்ளையின் முன்னால் வைத்து, "இந்தா, ஒங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வேறு படம் தேவைப்படவில்லை.

கம்பெனிக்காரர்கள் சும்மா இருந்தால்தானே. டின்சி பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அட்டை போய் பிளாஸ்டிக் உறை வந்தது. நுணுக்கமான கோடெல்லாம் அதில் கலங்கித் தெரிகிறது என்று சட்டையின் ஒட்டுத்துணியை எடுத்தார்கள். பிறகு சட்டையையே கழற்றிவிட்டு வழவழவென்று ஒரு பச்சைச் சேலையைச் சுற்றினார்கள். டின்சி பேக்கிங்கில் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் கம்ப்யூட்டர் கைக்குப் போயிருந்தது. கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. வளைந்த ஒரு கோடு தலை, இன்னொரு கோடு கூடை, அவ்வளவுதான். மூஞ்சியில்லாத அந்த அம்மாவை நாள் முழுக்க எந்திரத்தின் வாயிலிருந்து பிடித்துப் பிடித்துப் பெட்டியில் அடுக்கினாள் டின்சி. கை பழகிவிட்டது. மனசு மரத்துவிட்டது. கல்லறைக்கு மட்டும், அப்பா பத்திரப்படுத்தி வைத்திருந்த முதல் பாக்கெட்தான்.

இந்த வருஷம் அந்தக் கோடுகளையும் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கொச்சியிலிருந்து லிபின் என்று ஒரு டிசைனர் வருகிறான், பழைய லோகோ எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டுவான், முதல் படத்தை எந்த போட்டோவைப் பார்த்து வரைந்தார்களோ அதுவும் கிடைத்திருக்கிறது என்று சூப்பர்வைசர் சொன்னார். வரைந்த படமல்ல, போட்டோ. நவம்பரில் கல்லறைத் திருநாள் வருவதற்குள் ஒரு பிரதி வாங்கிச் சட்டம் போட்டுவிட வேண்டும், அப்பா பக்கத்தில் அம்மாவும் ஒரு மனுஷியாக இருக்கட்டும் என்று டின்சி நினைத்துக்கொண்டாள். லிபின் வந்த அன்று கிறிஸ்மஸுக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

லிபின் சுவரில் ஒவ்வொரு படமாகக் காட்டி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னான். "முதல்ல சரிக்கும் ஒரு முழுப் படம். பின்னே கோடு குறைஞ்சு குறைஞ்சு வந்து. இப்போ போன்ல நகம் அளவு இருந்தாலும் தெரியணும். அதுகொண்டு ஒரு இலை மட்டும்."

வட்டத்துக்குள் ஒற்றை இலை வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறந்ததிலிருந்து இலையைத் தவிர வேறெதையும் காணாதவர்கள், இலையைப் பார்த்து என்னத்துக்குக் கைதட்டினார்களோ தெரியவில்லை.

பிறகு அந்த போட்டோ வந்தது. அதே சட்டை. பையில் அதே முக்கோண ஒட்டு.

"இந்தத் தழும்பை ஆர்ட்டிஸ்ட் அன்னைக்கே விட்டுட்டாரு. லோகோவில தழும்பு வேண்டாமல்லோ" என்றான் லிபின்.

இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிப் போகிற தழும்பு. டின்சி அதைக் காலையில்கூடப் பார்த்திருந்தாள், பக்கத்து வீட்டுச் சுருளியம்மாளின் முகத்தில். செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி தவறிப் பட்டது என்று சொல்வார்கள். பின்வரிசையில் யாரோ, "இது நம்ம சுருளியாச்சே" என்று முணுமுணுத்தார்கள்.

"வேற போட்டோ இருக்கா சார்?" என்று டின்சி கேட்டாள்.

"இது ஒண்ணுதான் சேச்சி."

டின்சி திரும்பி வந்தபோது சுருளியம்மாள் வாசலில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். தாயில்லாப் பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைத்துச் சோறு போட்டவள்.

"பெரியம்மா, பாக்கெட்டுல இருந்தது நீங்களா?"

"எவன் சொன்னான்?"

"போட்டோவப் பாத்துட்டு வாரேன். தழும்பு இருக்கு."

சுருளியம்மாளின் கை நின்றது. "படம் புடிக்க ஆளு வருதுன்னாக. என் சட்ட பூரா கறை. ஒங்கம்மாவுக்கு மாசம் ஏறிப்போய்ப் பித்தான் பூட்ட முடியல. நீ போட்டுக்க சுருளின்னு கழட்டிக் குடுத்தா. அம்புட்டுத்தான்."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"மொதல்ல தெரியாது. ஒரு நா பாக்கெட்டயும் என்னயும் மாறி மாறிப் பாத்தாரு. ஒண்ணுங் கேக்கல. நீ அதுக்கு முத்தங் குடுத்துட்டு இருந்த. நான் எந்த வாயால சொல்லுவேன்?"

டின்சிக்கு அழ வேண்டும் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை, அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. இத்தனை காலமும் அதை யாரிடமும் அவள் கேட்டதில்லை. படம் கையில் இருந்ததால் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப எங்கம்மா எப்படி இருப்பாக?"

சுருளியம்மாள் வாயைத் திறந்தாள். "ஒங்கம்மா நல்லா..." என்று தொடங்கி நிறுத்தினாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"வரமாட்டேங்குது தாயி" என்றாள் கடைசியில். "வருசா வருசம் நீ அந்தப் பாக்கெட்ட மாதா கணக்கா தூக்கிட்டுப் போவ. பாத்துப் பாத்து எனக்கும் பழகிப்போச்சு. இப்ப மதலேனன்னு நெனச்சா என் மூஞ்சிதான் வருது."

டின்சி முறத்தைத் தன் பக்கம் இழுத்து, மிச்சமிருந்த பீன்ஸை உரிக்க ஆரம்பித்தாள்.