குகதாசன் அண்ணை அணுவுக்குள் சிவனைக் காணவில்லை

சுவாமிப் படங்களுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. குகதாசன் அண்ணையின் மனைவி. "தங்கச்சி, அவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்" என்றார். அன்று அழுதேன். முப்பத்தோராம் நாளோடு அழுகை நின்று அருவருப்பு வந்துவிட்டது. அந்த அருவருப்போடுதான் எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை கல்லூரியில் பௌதிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நான் சமையலுக்கு நடுவில் புத்தகம் பார்த்து அதை நானாகவே படித்தவள். விளங்காததை இங்கே ஸ்காபரோவில் வோபர்ன் நூலகத்தில் அவரைக் கண்டு கேட்பேன். ஒருநாள் மறுஇயல்பாக்கம் என்ற கணக்குமுறையில் இடறிவிட்டேன். எலெக்ட்ரானின் மின்னேற்றத்தைக் கணக்கிடப் போனால் விடை முடிவிலியாக வருகிறதாம். அதிலிருந்து இன்னொரு முடிவிலியைக் கழித்துவிட்டு மேலே போகிறார்களாம்.

"முடிவிலியிலயிருந்து முடிவிலியைக் கழிக்கிறியளோ? வீட்டுக் கணக்கில நான் உப்பிடிச் செய்தா மனுசன் விடுவாரோ?" என்றேன்.

நூலகம் என்பதையும் மறந்து சிரித்தார். "கழிச்சு ஒளிக்கேல்லை, தங்கச்சி. அளந்து பாத்த எண் ஒண்டு கையில இருக்கு. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் மற்றதைச் சொல்லுறம். எலெக்ட்ரானுக்கு எவ்வளவு கிட்டப் போனாலும் எங்கட சமன்பாடு சரிவரும் எண்டு நினைச்சதாலதான் முடிவிலி வந்தது. அங்க என்ன நடக்குதெண்டு எங்களுக்குத் தெரியாது."

நான் என்ன செய்தேன்? வெள்ளிக்கிழமைப் பூசை முடிய, கோயிலில் பெண்களிடம், "அணுவுக்குள்ள முடிவிலி இருக்காம். அடிமுடி காணாத சிவன்தான் அது. குகதாசன் அண்ணையே சொன்னவர்" என்று அளந்துவிட்டேன். அவர் காதுக்கும் போயிற்று. ஏசவில்லை. "நீங்கள் கும்பிடுறது முடிவிலியை. நாங்கள் கண்டது எங்கட கணக்கு களைச்ச இடத்தை. எங்கட தெரியாமைக்குச் சிவனை முட்டாக் குடுக்காதேங்கோ" என்றார். வெட்கப்பட்டேன். ஆனால் அந்தப் பெண்களிடம் திருத்திச் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் ஸ்காபரோ மண்டபத்தில் நினைவு மலர் தந்தார்கள். அட்டையில் அண்ணையின் படம், பின்னால் நடராசர், கீழே 'அணுவுக்குள் சிவனைக் கண்ட விஞ்ஞானி'. வாழ்நாளெல்லாம் ஒரு பொய் சொல்லாத மனிதரின் முகத்தின் கீழே அப்படியொரு பொய். பேசியவர்களும் அதையே பேசினார்கள். சனம் கை தட்டியது. மலரைத் தொகுத்தவரிடம் போய், "இதை ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று சத்தம் போட்டேன்.

அவர் வடையை மென்றபடி, "என்னக்கா பகிடி விடுறியள்? நீங்கள்தானே கோயிலில சொன்னனீங்கள்! என்ர மனுசி வந்து சொல்லித்தான் அட்டையில போட்டனான்" என்றார்.

மண்டபம் முழுவதிலும் என்னைவிட அருவருப்பான ஆள் இருக்கவில்லை.

அண்ணையின் மகனிடம் திருத்தி அச்சிடச் சொன்னேன். "லீவ் இற், அன்ரி, விடுங்கோ. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு" என்றான். அடுத்த வெள்ளி, அதே பெண்கள் முன் நின்று, நான் சொன்னது பிழை, அண்ணை ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "அப்ப உள்ளுக்க என்னதான் இருக்காம்?" என்று ஒருத்தி நக்கலாகக் கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு சொல். சிவனுக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை.